மேடுபள்ளமான உள்சுவர்: மெல்லிய பூச்சு போடுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

நீலவானம்:
அனைவருக்கும் வணக்கம். ஒரு அறையின் உள்சுவர்களுக்கு 2 முதல் 3 மி.மீ. கனத்தில் ஜிப்சம் மெல்லிய பூச்சு போட வேண்டும். அடியில் இருப்பது பழைய சிமெண்ட் பூச்சு. அதன் மேல் பல அடுக்கு பெயிண்ட். ஒரு சுவரில் வால்பேப்பர் ஒட்டியிருந்ததை உரித்துவிட்டேன். மின்கம்பி பதிக்க வெட்டிய தடங்களை யாரோ அவசரமாக அடைத்திருக்கிறார்கள், அவை புடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேடு, சுவர் நடுவில் அகலமான பள்ளம், கீழே ஓரிடத்தில் தட்டினால் டொக் டொக் என்று சத்தம்.

வேலைக்குக் கேட்ட ஒருவர், "இரண்டு கை அடித்தால் எல்லாம் நேராகிவிடும், எதையும் தொட வேண்டாம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுவரை நானே தயார் செய்துகொண்டு, கடைசிப் பூச்சை மட்டும் ஆள் வைத்துப் போடலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கரணைப்பிடி:
நம்பாதது சரி. நான் பூச்சு வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மெல்லிய பூச்சு சுவரை நேராக்காது. கல்லின் மேல் ஈரத்துணியை விரித்தால் துணி கல்லின் வடிவத்தைத்தானே எடுக்கும்? அதுபோல 2 மி.மீ. பூச்சு அடியில் இருக்கும் மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே மேலே கொண்டுவந்து காட்டும். சொல்லப்போனால் முன்பைவிட நன்றாகக் காட்டும். சொரசொரப்பான பழைய சுவரில் வெளிச்சம் சிதறிப்போவதால் கண்ணுக்குத் தப்பிய மேடு, வழுவழுப்பான பூச்சில் நிழலோடு தெரியும். பூச்சின் வேலை மேற்பரப்பை மென்மையாக்குவது. நேராக்கும் வேலையை அதற்கு முன்னால், வேறு பொருளை வைத்து முடித்திருக்க வேண்டும்.

தொடக்கம் அளப்பதில். சுத்தியலைப் பிறகு எடுக்கலாம்.

அறையை இருட்டாக்கிவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். மேடுகள் நிழல் போடும், பள்ளங்கள் இருட்டாகத் தெரியும். பென்சிலால் எல்லாவற்றையும் வளைத்துக் குறியுங்கள். அடுத்து 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகை. வளையாத பலகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பைச் சுவரில் வைத்து நெடுக்காக, குறுக்காக, மூலைவிட்டமாக என்று மூன்று வாக்கிலும் நகர்த்துங்கள். பலகை ஆடினால் அடியில் மேடு. பலகைக்கும் சுவருக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். அந்த இடைவெளியை அளந்து, எத்தனை மி.மீ. என்று சுவரிலேயே எழுதிவிடுங்கள். சுவர் முழுக்கப் பென்சில் கணக்காக இருக்கட்டும், எப்படியும் மறைந்துவிடும். ஆனால் பேனாவோ மார்க்கரோ வேண்டாம், அந்த மை பூச்சையும் பெயிண்டையும் தாண்டி மேலே ஊறி வரும்.

2 மீட்டர் பலகைக்கு அடியில் 3 மி.மீ. வரை இடைவெளி இருந்தால் மெல்லிய பூச்சு தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தனியாக நிரப்ப வேண்டும்.

இன்னொன்று. நேர் வேறு, தூக்கு வேறு. தூக்குக்குண்டு போட்டால் சுவர் மேலிருந்து கீழே 10 மி.மீ. சாய்ந்திருக்கலாம். ஆனால் வளைவில்லாமல் சாய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கதவு நிலை, அலமாரி, டைல்ஸ் வரும் இடங்களில் மட்டும் தூக்கு முக்கியம். மற்ற சுவர்களில் தூக்குக்காகக் கிலோ கணக்கில் கலவையை ஏற்ற வேண்டாம். சேரும் எடையை அடியிலுள்ள பழைய பூச்சுதான் சுமக்க வேண்டும்.

பழஞ்சுவர்:
அளப்பதற்கும் முன்னால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த டொக் சத்தம் வரும் இடம் கீழே என்கிறீர்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அங்கே பெயிண்ட் கொப்புளித்திருக்கிறதா, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? வெளிச்சுவரா, இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரா?

நீலவானம்:
வெளிச்சுவர்தான். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள். கொஞ்சம் வெள்ளையாகத் தூள் படிந்திருக்கிறது, கையால் தேய்த்தால் உதிர்கிறது. பெயிண்ட் ஓரிரு இடங்களில் பொருக்காக எழும்பியிருக்கிறது. தொட்டால் ஈரமாகத் தெரியவில்லை.

பழஞ்சுவர்:
அப்படியானால் அந்தச் சுவரில் பூச்சு வேலையை நிறுத்தி வையுங்கள். மற்ற மூன்று சுவர்களில் தாராளமாகத் தொடங்கலாம்.

உப்பு பூத்திருக்கிறது என்றால் அந்த வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது முன்பு போயிருக்கிறது. செங்கல்லிலும் கலவையிலும் இருக்கும் உப்பு தண்ணீரில் கரைந்து மேற்பரப்புக்கு வந்து, தண்ணீர் ஆவியானதும் அங்கேயே படிகமாகிறது. படிகம் வளரும்போது பூச்சைச் சுவரிலிருந்து பிரித்துத் தள்ளுகிறது. உங்கள் டொக் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதன் மேல் ஜிப்சம் போட்டால் இன்னும் மோசமாகும். ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையக்கூடியது, லிட்டருக்குச் சுமார் 2 கிராம். தொடர்ந்து ஓதம் ஏறும் சுவரில் அது மெத்தென்று ஆகி உதிர்ந்துவிடும். ஈரத்தோடு சேர்ந்தால் ஜிப்சத்தில் இருக்கும் சல்ஃபேட் சிமெண்டோடு வினைபுரிந்து உப்பிக்கொள்ளவும் செய்யும். உலர்ந்த சுவரில் இந்தப் பிரச்சினை வராது, ஈரச் சுவரில் வரும்.

தொட்டுப் பார்த்து ஈரத்தைச் சொல்ல முடியாது. பெயிண்டைச் சுரண்டிவிட்டு, ஒரு முழ அளவுக்குச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு இரவும் பகலும் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் துளி நின்றால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது, அதற்கு வைத்தியம் காற்றோட்டம்.

உள்ளிருந்து வந்தால் வெளியே போய்ப் பாருங்கள். வெளித் தரை மட்டம் உள் தரையைவிட உயர்ந்திருக்கிறதா? மழைநீர்க் குழாய் கசிகிறதா? சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கிறதா? வெளிப்பூச்சில் விரிசல் இருக்கிறதா? காரணத்தைச் சரிசெய்துவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். கனமான சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்த முடியாது.

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழும் தூளைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை பாருங்கள். மறுபடி பூத்தால் ஈரம் இன்னும் நிற்கவில்லை.

ஈரம் வராமல் தடுக்கும் பெயிண்டை உள்பக்கம் அடித்து மறைப்பதை நான் பலமாக எதிர்க்கிறேன். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரமாக ஏறி, அந்தப் பெயிண்ட் முடியும் இடத்துக்கு மேலே வெளிவரும்.

தாமரைக்குளம்:
ஈரப் பேச்சு தனியாக ஓடட்டும். மற்ற மூன்று சுவர்களின் பெயிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெயிண்ட் மேல் நேரடியாகப் பூச்சு போடலாமா?

என் கருத்து: பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் பூச்சு பெயிண்டைப் பிடிக்கிறதே தவிரச் சுவரைப் பிடிப்பதில்லை.

கரணைப்பிடி:
முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை தாமரைக்குளம். நன்றாக ஒட்டியிருக்கும் பெயிண்டைப் பாடுபட்டுச் சுரண்டினால் அடியிலிருக்கும் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும், வேலை இரட்டிப்பாகும். எது நிற்கும், எது நிற்காது என்று சோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

முதலில் ஈரக்கையால் சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கையில் வெள்ளையாக ஒட்டினால் அது சுண்ணாம்பு அடித்ததோ டிஸ்டெம்பரோதான். அதை மட்டும் மிச்சம் வைக்காமல் எடுத்தாக வேண்டும். ஈரப்படுத்திச் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். அதன் மேல் எந்தப் பிரைமரும் நிலைக்காது.

கையில் ஒட்டவில்லை என்றால் அடுத்தது டேப். கூர்மையான கத்தியால் பெயிண்டில் நெடுக்கும் குறுக்குமாகச் சில கோடுகள் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். சதுரங்கள் பெயர்ந்து வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். வராவிட்டால் இருக்கட்டும். பல இடங்களில் செய்து பாருங்கள், ஒரே சுவரில் ஒரு மூலை தேறும், இன்னொரு மூலை தேறாது.

தேறிய பெயிண்ட் பளபளப்பானதாக இருந்தால் முரட்டு உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைக் கொல்ல வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 3 மி.மீ.க்கு மேல் நிரப்ப வேண்டிய பள்ளங்களில் பெயிண்டை எடுத்துவிடுவதுதான் நல்லது. அங்கே எடை கூடுகிறது. கனமான பூச்சைப் பெயிண்டின் மேல் தொங்கவிடக் கூடாது.

பழஞ்சுவர்:
இடையில் ஒரு எச்சரிக்கை. பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டின் வயது தெரியாவிட்டால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள், வெப்பத் துப்பாக்கியைச் சூடேற்றிப் பிடிக்காதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். பழைய கோலப் பூச்சு, அதாவது பொரிபொரியாக வடிவம் வைத்த பூச்சு இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். ஆய்வகத்தில் சோதிக்காமல் அதைத் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம்.

சிமெண்ட் பூச்சைக் கொத்தும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கிவிடும். துணியைக் கட்டிக்கொண்டால் அந்த நுண்தூசி நிற்காது. முகத்தோடு ஒட்டி உட்காரும் எஃப்.எஃப்.பி.3 அல்லது என்95 முகக்கவசம் போடுங்கள்.

நீலவானம்:
மிக்க நன்றி. டேப் சோதனை செய்தேன். இரண்டு சுவர்களில் பெயிண்ட் உறுதியாக இருக்கிறது. வால்பேப்பர் உரித்த சுவரில் பெயிண்ட் அசையவில்லை, ஆனால் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் வழவழவென்று பசை போல வருகிறது. அது பரவாயில்லையா?

தாமரைக்குளம்:
பரவாயில்லை என்று விடாதீர்கள், அது வால்பேப்பர் பசை. பூச்சின் ஈரம் பட்டதும் அது மறுபடி கரைந்து கொழகொழப்பாகி, பூச்சில் குமிழ் குமிழாக எழும்பும். வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பாஞ்சும் வைத்து, வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றித் துடைத்தெடுங்கள். கையில் வழுக்கல் நிற்கும்வரை விடக் கூடாது. அப்புறம் நன்றாகக் காயவிடுங்கள்.

செங்கல்சூளை:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஏன் இவ்வளவு சிரமம்? சிமெண்ட் பட்டியை எடுத்து மூன்று, நான்கு கை பார்த்தால் பள்ளமெல்லாம் அடைந்துவிடும். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முடிந்தது. எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

கரணைப்பிடி:
2 மி.மீ. குழிக்கு நீங்கள் சொல்வது சரி. நீலவானம் சொல்லும் அகலமான பள்ளத்துக்குச் சரிவராது.

பட்டி ஒரு கைக்கு 1 முதல் 1.5 மி.மீ. கனம். எல்லாக் கையும் சேர்த்தே 3 மி.மீ. அளவுக்குத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. அதில் மணல் இல்லை, எல்லாம் நைஸ் தூள். கனமாக அப்பினால் காயும்போது சுருங்கி வலைவலையாக வெடிக்கும். 10 மி.மீ. பள்ளத்தைப் பட்டியால் அடைத்தால், மேலே தொட்டுப் பார்க்கக் காய்ந்தது போல இருக்கும், உள்ளே வலுவே இருக்காது. அதன் மேல் ஜிப்சம் போட்டால், பட்டி சுவரைவிட்டுக் கழன்று வரும்.

இன்னொரு காரணம் கருவி. பட்டித் தகடு சின்னது. சின்னத் தகடு பள்ளத்துக்குள்ளேயே இறங்கிப் பள்ளத்தின் வளைவைத் தொடர்ந்துகொண்டு போகும். ஒரு மீட்டர் அகலப் பள்ளத்தை நேராக்க, அந்தப் பள்ளத்தைத் தாண்டி இரு கரையிலும் உட்காரும் நீளமான பலகை வேண்டும். எத்தனை கை பார்த்தாலும் பட்டி வைத்த சுவரில் அலை அலையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

செங்கல்சூளை:
கருவி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி யோசித்ததில்லை. பள்ளத்துக்கு சிமெண்ட் கலவையா, ஜிப்சம் அடிப்பூச்சா?

கரணைப்பிடி:
இரண்டும் ஆகும், வித்தியாசம் காத்திருப்பதில். சிமெண்ட் கலவை போட்டால் ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். அப்புறம் உலர வேண்டும், பொதுவாக நான்கு வாரம் என்று கணக்கு வைப்போம். அது உலராமல் மேலே ஜிப்சம் போடக் கூடாது, பழஞ்சுவர் சொன்ன அதே சல்ஃபேட் விவகாரம். ஜிப்சம் அடிப்பூச்சு, அதாவது பாண்டிங் பிளாஸ்டர், இரண்டு மணி நேரத்துக்குள் இறுகும். அது இறுகியதும், முழுதாக உலர்வதற்கு முன்பே கடைசிப் பூச்சைப் போடலாம். உலர்ந்த உள்சுவர் என்றால் நான் ஜிப்சத்தைத்தான் எடுப்பேன். ஈரம் வரக்கூடிய சுவரில் ஜிப்சம் எந்த அடுக்கிலும் வேண்டாம்.

கலவை எதுவானாலும் மேல் அடுக்கு அடி அடுக்கைவிட வலுக்குறைவாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். பலவீனமான பழைய பூச்சின் மேல் சிமெண்ட் அதிகம் சேர்த்த கலவையை அப்பினால், அது சுருங்கும்போது அடியில் இருப்பதையும் பிய்த்துக்கொண்டு வரும். "ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று ஒரு சட்டி சிமெண்ட் கூடப் போடும் பழக்கத்தை நான் வேலைக்குப் போகும் இடமெல்லாம் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள்.

பழஞ்சுவர்:
இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெயிண்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் காரையாக இருந்தால், மேலே சொன்ன எந்தப் பொருளும் வேண்டாம். மண்ணோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி விடுவதிலேயே உயிரோடு இருக்கிறது. அதற்குச் சுண்ணாம்புக் கலவையாலேயே நிரப்பிச் சுண்ணாம்பாலேயே முடியுங்கள். காரையை விரல் நகத்தால் கீறினால் மெத்தென்று விழும், சிமெண்ட் பூச்சு அப்படி விழாது.

நீலவானம்:
கீறிப் பார்த்தேன், கடினமாக இருக்கிறது, சிமெண்ட்தான். டொக் சத்தம் வேறு எங்காவது வருகிறதா என்று எல்லாச் சுவர்களையும் தட்டியதில் கதவுக்கு மேலே இன்னொரு இடம் மாட்டியது. அங்கே கதவின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசலும் போகிறது. இவற்றை எப்படிக் கையாள்வது?

கரணைப்பிடி:
டொக் சத்தம் வரும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டின் மேல் முதலில் கிரைண்டரால் பூச்சின் கனத்துக்கு மட்டும் வெட்டிவிட்டால், உள்ளே கொத்தும் அதிர்ச்சி வெளியே இருக்கும் நல்ல பூச்சுக்குப் போகாது. கிரைண்டர் இல்லையென்றால் உளியைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொத்துங்கள். நடுவில் தொடங்கி வெளியே கொத்தினால் டொக் சத்தம் வரும் பரப்பு கூடிக்கொண்டே போகும். வெட்டும் முன் அந்தச் சுவருக்குள் மின்கம்பி ஓடுகிறதா என்று கருவி வைத்துப் பார்த்து, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவிட்சுக்குக் கம்பி பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்கும்.

செங்கல் தெரியும்வரை எடுத்தபின் கம்பி பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, செங்கல் இணைப்புகளை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். புதுக் கலவைக்கு அதுதான் பிடி.

விரிசல் விஷயத்தில் பொறுமை வேண்டும். அது நின்றுபோன விரிசலா, இன்னும் ஓடுகிற விரிசலா என்று தெரியாமல் அடைத்தால் பயனில்லை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் ஓரிடத்தில் அளந்து குறியுங்கள். வாரக்கணக்கில் பார்த்தும் கோட்டைத் தாண்டவில்லை, அகலம் கூடவில்லை என்றால் அது நின்றுபோனது. வளர்கிறது என்றால் பூச்சால் அதைத் தீர்க்க முடியாது, கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். செங்கல்லே பிளந்திருந்தாலும் அப்படித்தான்.

நின்றுபோன விரிசலை வி வடிவத்தில் விரித்து, தூசி எடுத்து, ஈரப்படுத்தி அடைத்து, அதன் மேல் கண்ணாடி இழை வலையைப் பதியுங்கள். வலை விரிசலின் இரு பக்கமும் தாராளமாகப் போகட்டும். செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விரிசல் வந்திருந்தாலும் வலைதான் வழி. இரண்டும் வெயிலுக்கும் குளிருக்கும் வெவ்வேறு அளவில் நீள்வதால் அங்கே எப்போதும் ஒரு இழுபறி இருக்கும். இரும்பு வலை போடுவதாக இருந்தால் துத்தநாகம் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள். ஈர ஜிப்சம் பட்டால் வெறும் இரும்பு துருப்பிடித்துப் பழுப்புக் கறை மேலே வரும். சுவரில் மிச்சமிருக்கும் பழைய ஆணிகளுக்கும் இதே கதி, எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்.

தாமரைக்குளம்:
இப்போது பூச்சு சுவரைப் பிடிக்க முன்கூட்டியே அடிக்கும் ஒட்டுப் பொருள். பி.வி.ஏ. பசையை, அதாவது வெள்ளைப் பசையை, தண்ணீரில் கரைத்து அடிப்பார்களே, அது போதுமா? சிலர் அதைத் தொடவே கூடாது என்கிறார்கள்.

செங்கல்சூளை:
நான் பார்த்த வேலைகளில் எல்லாம் பி.வி.ஏ.தான். முதல் கை ஒன்றுக்கு ஐந்து தண்ணீர், அது காய்ந்தபின் இரண்டாம் கை ஒன்றுக்கு மூன்று. இரண்டாவது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பூச்சு. பிரச்சினை வந்து பார்த்ததில்லை.

கரணைப்பிடி:
முறையாகச் செய்தால் பி.வி.ஏ. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிசுபிசுப்பு நேரம் குறுகியது. பெரிய சுவரில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள் அது காய்ந்து கண்ணாடி போலாகிவிடும். மேலும் பி.வி.ஏ. தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். குளியலறைப் பக்கச் சுவருக்கோ டைல்ஸ் ஒட்டும் சுவருக்கோ அது ஆகாது.

பெயிண்ட் அடித்த சுவருக்கு நான் மணல் கலந்த பிரைமரைத்தான் எடுக்கிறேன். அக்ரிலிக் பிசினோடு நைஸ் மணல் கலந்து வரும். உருட்டி அடித்துக் காயவிட்டால் சுவர் முழுக்க உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகும். பூச்சு பிசினை மட்டும் நம்பாமல் மணலைக் கவ்விக்கொள்ளும். முழுதாகக் காய்ந்த பிறகுதான் பூச்சு என்பதால் அவசரமும் இல்லை. ஒரே சுவரில் பெயிண்ட், வெறும் சிமெண்ட், அடைத்த இடம் என்று மூன்று விதப் பரப்பு இருக்கும்போது இதன் அருமை தெரியும். உறிஞ்சலை எல்லா இடத்திலும் ஒன்றாக்கிவிடும்.

உறிஞ்சலைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வெறும் சிமெண்ட் பூச்சு தண்ணீர் குடிக்கும், பெயிண்ட் குடிக்காது. குடிக்கிற இடத்தில் பூச்சு நிமிடத்தில் விறைத்துக் கரணைக்கு இடம் கொடுக்காது, குடிக்காத இடத்தில் வழிந்துகொண்டே நிற்கும். ஒரே கரணை வீச்சில் இரண்டையும் சமாளிக்க எவராலும் முடியாது. சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே மறைந்தால் தாகமான சுவர், முத்து முத்தாக நின்றால் உறிஞ்சாத சுவர். பிரைமர் அடித்தபின் எல்லா இடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

நீலவானம்:
வெளிச்சுவரை ஒதுக்கிவிட்டேன். பிளாஸ்டிக் தாளின் சுவர்ப் பக்கத்தில் துளிகள் இருந்தன. வெளியே பார்த்தால் சுவரை ஒட்டி மண் மேடாக ஏறியிருக்கிறது, அதை முதலில் வெட்டி எடுக்கப்போகிறேன்.

ஜன்னல் பக்கச் சுவரின் அளவுகள்: நடுப் பள்ளம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிக அகலம், மிக ஆழமான இடத்தில் 12 மி.மீ. ஜன்னல் ஓர மேடு ஒரு சாண் அகலம், 6 மி.மீ. உயரம். கம்பித் தடங்கள் 3, 4 மி.மீ. புடைத்திருக்கின்றன. வேலை வரிசையைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரணைப்பிடி:
முதலில் மேட்டைக் குறையுங்கள். பலர் மேட்டை அப்படியே விட்டுச் சுவர் முழுவதையும் அந்த உயரத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். 6 மி.மீ. மேட்டுக்காகச் சுவர் முழுவதும் 6 மி.மீ. ஏற்றுவது வீண். அதோடு சுவிட்சுப் பெட்டியும் உள்ளே புதைந்துபோகும். ஒரு சாண் அகலம்தான் என்பதால் கொத்தி எடுத்துவிடலாம், சுற்றியுள்ள மட்டத்தைவிட 2 மி.மீ. தாழ்வாகப் போனாலும் பரவாயில்லை. கம்பித் தடங்களின் புடைப்பையும் சுரண்டித் தாழ்த்துங்கள். அடைப்பு ஆடினால் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடையுங்கள், கம்பி மேல் உளி படாமல்.

ஜன்னல் பக்கத்துச் சுவரில் கூடுதல் கவனம் வேண்டும். பகல் வெளிச்சம் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டு போகும், 1 மி.மீ. அலைகூட நிழல் போடும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அதே அலை யார் கண்ணிலும் படாது.

அப்புறம் பள்ளம். பெயிண்டை எடுத்து, பரப்பை உளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டு, தூசி துடைத்துப் பிரைமர். 12 மி.மீ. என்பதால் இரண்டு கையாகப் போடுங்கள். முதல் கையை 8 மி.மீ. போட்டு, இறுகத் தொடங்கும்போது கம்பிச் சீப்பால் கீறிவிடுங்கள். இரண்டாம் கைக்கு முன்னால் பள்ளத்துக்குள் இரண்டு மூன்று இடத்தில் கலவையால் பொட்டு வைத்து, கரையிலிருந்து கரைக்குப் பலகை வைத்து அவற்றின் உயரத்தைச் சரிபாருங்கள். பிறகு கலவையை நிரப்பிப் பலகையைக் கரையோடு கரை உட்காரவைத்து, அறுப்பது போல ஆட்டி ஆட்டி இழுங்கள். கூடுதலாக இருப்பது வழித்துக்கொண்டு வரும், குறை இருக்கும் இடம் குழியாகத் தெரியும். அதில் மறுபடி அப்பி மறுபடி இழுங்கள்.

நிரப்பியது சுற்றியுள்ள சுவரைவிட ஒரு மி.மீ. தாழ்ந்து நிற்கட்டும். உயர்ந்து நின்றால் கடைசிப் பூச்சு அங்கே மெலிந்து கிழியும், புதிதாக ஒரு மேட்டையும் நீங்களே செய்தது போலாகும். கரையோரங்களைக் கூர்மையாக விடாமல் மெலிதாக இழுத்துக் கரைத்துவிடுங்கள்.

கலக்கும்போது தண்ணீரில் தூளைப் போடுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றினால் அடியில் கட்டி தங்கும். வாளியை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். முந்தைய கலவை ஒட்டியிருந்தால் அந்த இறுகிய துணுக்குகள் புதுக் கலவையை வேகமாக இறுகவைத்துவிடும், பாதிச் சுவரில் கைவிட வேண்டியதாகும். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டு இளக்குவதும் கூடாது. வலு போய்விடும், கொட்டிவிடுங்கள்.

தாமரைக்குளம்:
வெளி மூலைகளை மறக்க வேண்டாம். ஜன்னல் பக்கவாட்டு மூலைக்குத் துத்தநாகம் பூசிய மூலைப் பட்டை பதித்துவிட்டால், அதன் விளிம்பே பூச்சுக்காரருக்கு மட்டமாக இருக்கும். பட்டையைத் தூக்குப் பார்த்து வையுங்கள், அது கோணினால் அடுத்து வரும் எல்லாம் கோணும். சுவிட்சுப் பலகைகளை மின்சாரத்தை அணைத்துத் தளர்த்தி, பெட்டிக்குள் காகிதம் திணித்து டேப் போடுங்கள்.

நீலவானம்:
மேட்டைக் கொத்தியாயிற்று, பள்ளமும் இரண்டு கையாக நிரப்பியாயிற்று. பலகை வைத்தால் எங்கும் 2 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியவில்லை. கதவு விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை, இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். நிரப்பிய இடத்தின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு வந்திருக்கிறது. நிறமும் திட்டுத்திட்டாக இருக்கிறது. விசிறி வைத்துக் காயவைக்கலாமா?

கரணைப்பிடி:
விசிறி வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும். ஒரே பக்கம் காற்று அடித்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து சுருங்கும், மயிரிழை கூடும். திட்டு நிறம் ஈரம்தான், அடர்ந்த இடம் இன்னும் காயாதது. நீங்கள் கடைசிப் பூச்சுக்கு ஆள் வரும்வரை காத்திருப்பதால் முழுதாகக் காயட்டும், எல்லாம் ஒரே வெளிர் நிறத்துக்கு வரும். அதன் பிறகு சுவர் முழுக்கப் பிரைமர், அடைத்த இடத்துக்கும் சேர்த்து. காய்ந்த ஜிப்சம் நிறையத் தண்ணீர் குடிக்கும்.

அந்த மயிரிழையின் இரு பக்கமும் தட்டிப் பாருங்கள். சத்தம் திடமாக இருந்தால் வெறும் சுருக்கக் கோடு, வலைப் பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள், மேலே வரும் பூச்சு மூடிக்கொள்ளும். டொக் என்றால் அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி நிரப்புங்கள்.

நீலவானம்:
தட்டினேன், திடமாகத்தான் இருக்கிறது. வலைப் பட்டை ஒட்டிவிட்டேன், காய்ந்ததும் பிரைமர். பூச்சுக்காரர் வருவதற்கு முன் கடைசியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

கரணைப்பிடி:
பிரைமர் காய்ந்தபின் இரவில் ஒருமுறை டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், கையாலும் தடவிப் பாருங்கள். கையில் முட்டும் துணுக்குகளைத் தகட்டால் தட்டிவிடுங்கள். ஒரு சின்னத் துணுக்கு கரணையில் மாட்டினாலும் பூச்சு நெடுகக் கோடு விழும். தரையைக் கூட்டி, தூசி அடங்கியபின் விரிப்பு போடுங்கள். அவர் வந்ததும் பள்ளம் நிரப்பிய இடத்தையும் வலை ஒட்டிய இடத்தையும் காட்டிவிடுங்கள்.

பழஞ்சுவர்:
வெளிச்சுவரின் மண்ணை வெட்டியபின் பிளாஸ்டிக் தாளை அதே இடத்தில் மறுபடி ஒட்டிப் பாருங்கள். துளி நிற்கும்வரை அதில் பூச்சு வேண்டாம். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அந்தச் சுவருக்கு எந்தப் பொருள் என்று அப்போது பேசுவோம்.